எம்.எம்.ஏ.வுக்கு எந்த ஸ்ட்ரைக்கிங்? மதுரையில் புதிதாகச் சேரப் போகிறவர்களுக்கு

மதுரையில் எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பியபோது, பயிற்சியைவிட எனக்குச் சிரமமாக இருந்தது ஸ்ட்ரைக்கிங்குக்கு, அதாவது நின்று அடிக்கும் பகுதிக்கு, எதில் சேருவது என்று முடிவெடுப்பதுதான். யாரைக் கேட்டாலும் அவரவர் கற்ற கலைதான் சிறந்தது என்றார்கள். போர்டில் ஐந்தாறு கலைகளின் பெயர் இருக்கும், உள்ளே போனால் எல்லாவற்றுக்கும் ஒரே பயிற்சி நடக்கும். எவ்வளவு செலவாகும், என்ன பேப்பர் வேண்டும், எத்தனை மாதத்தில் ஸ்பாரிங் (இன்னொருவரோடு பயிற்சிச் சண்டை) போடலாம் என்ற கேள்விகளுக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. கேட்டும் பார்த்தும் செய்தும் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் இதே அலைச்சலைப் படவேண்டாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கலைதான் என்றால் தாய்லாந்துக் கலையான முவாய் தாய். அதை உண்மையிலேயே தெரிந்த கோச் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இல்லையென்றால், பாக்சிங்கில் தொடங்கிவிட்டு ஆறு மாதம் கழித்து கிக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதுவானாலும், ஸ்பாரிங் நடக்காத இடத்தில் சேராதீர்கள்.

1. முதலில் விதியைப் புரிந்துகொள்ளுங்கள்

எம்.எம்.ஏ.வில் எதிரில் நிற்பவர் அடிக்க மட்டும் வரவில்லை. காலைப் பிடித்துக் கீழே போடவும் வருகிறார். தனியாகப் பார்த்தால் அருமையாக இருக்கும் பல அடிகள் இங்கே ஆபத்தாக மாறுவது இதனால்தான். பல எடைப் பிரிவுகளில் உலக சாம்பியனாக இருந்த பாக்சர் ஜேம்ஸ் டோனி, 2010 ஆகஸ்டில் யு.எஃப்.சி. என்ற பெரிய எம்.எம்.ஏ. போட்டி அமைப்பில் ராண்டி கூட்டூரைச் சந்தித்தார். கூட்டூர் மல்யுத்தக்காரர். தொடங்கியதுமே காலைப் பிடித்துக் கீழே போட்டு, முதல் ரவுண்டிலேயே கழுத்தை இறுக்கி முடித்துவிட்டார். அத்தனை வருட பாக்சிங்கைக் காட்ட டோனிக்கு இடமே கிடைக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2015 நவம்பரில் ஹாலி ஹோம், ஒலிம்பிக் ஜூடோ பதக்கக்காரி ரோண்டா ரவுசியைத் தலையில் விட்ட ஒரு கிக்கில் வீழ்த்தினார். ஹோம் பாக்சிங்கிலும் கிக்பாக்சிங்கிலும் வளர்ந்தவர். அந்தக் கடைசி கிக்கைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நீங்கள் அதற்கு முந்தைய நிமிடங்களைப் பாருங்கள். ரவுசி பிடிக்க வரும்போதெல்லாம் ஹோம் பக்கவாட்டில் நகர்ந்து விலகிக்கொண்டே இருந்தார். பிடிபடாமல் அடிக்கத் தெரிவதுதான் எம்.எம்.ஏ. ஸ்ட்ரைக்கிங்.

இன்னும் இரண்டு விஷயம். தொழில்முறை எம்.எம்.ஏ. கிளவுஸ் ஏறக்குறைய 4 அவுன்ஸ்தான். பாக்சிங் ஸ்பாரிங்கில் போடும் 14, 16 அவுன்ஸ் கிளவுஸுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வதுபோல இதில் மறைக்க முடியாது, குத்து இடுக்கில் புகுந்துவிடும். அடுத்து, சர்வதேச அமெச்சூர் விதிகளில் முழங்கை அடி கிடையாது. "எங்களிடம் எல்போதான் ஸ்பெஷல்" என்று யாராவது சொன்னால், உங்கள் முதல் சில வருடப் போட்டிகளில் அது பயன்படாது என்பதை மனதில் வையுங்கள்.

2. ஒவ்வொரு கலையும் எம்.எம்.ஏ.வுக்கு என்ன தரும்

முவாய் தாய்: கை, கால், முழங்கால், முழங்கை எல்லாம் உண்டு. இதைவிட முக்கியமானது கிளிஞ்ச், அதாவது கழுத்தையும் கையையும் பிடித்துக்கொண்டு நெருக்கத்தில் சண்டையிடுவது. எம்.எம்.ஏ.வில் நிறைய நேரம் கூண்டுச் சுவரோரம் இந்த நெருக்கத்தில்தான் போகும். பாக்சிங்கில் நடுவர் பிரித்துவிடும் அந்த இடத்தில்தான் முவாய் தாய் தொடங்குகிறது. தொடையில் விழும் லோ கிக்கும் பெரிய ஆயுதம், நாலைந்து சரியாக விழுந்தால் எதிராளியால் காலை ஊன்றவே முடியாது. ஆனால் தாய்லாந்துப் பாணி நிற்பு நிமிர்ந்து இருக்கும், முன்கால் லேசாக இருக்கும். அப்படியே எம்.எம்.ஏ.வுக்குப் போனால் காலைப் பிடித்துவிடுவார்கள். இடுப்பைக் கொஞ்சம் இறக்கி நிற்க மறுபடி பழக வேண்டும். லோ கிக் கற்கும்போதே அதைத் தடுக்கும் செக்கையும் கற்க வேண்டும். 2013 டிசம்பரில் கிறிஸ் வைட்மன் முழங்காலைத் தூக்கித் தடுத்ததில் கிக் விட்ட ஆண்டர்சன் சில்வாவின் கால் எலும்பு முறிந்தது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே நடந்த விஷயம் அது. செக் சொல்லித்தராமல் கிக் மட்டும் சொல்லித்தரும் கோச்சை நம்பாதீர்கள்.

பாக்சிங்: கையும் தலை அசைவும் கால் நகர்வும் இதில் கிடைப்பதுபோல வேறு எதிலும் கிடைக்காது. அதைவிட, பாக்சிங் கிளாஸில் அடி வாங்கப் பழகுவீர்கள். முகத்துக்கு நேரே குத்து வரும்போது கண்ணை மூடாமல் இருக்கப் பழகுவதற்கே மாதங்கள் ஆகும், அது பாக்சிங்கில்தான் சீக்கிரம் வரும். குறை என்னவென்றால், முன்காலில் எடை அதிகம் வைத்து நிற்பதால் லோ கிக்கும் கெண்டைக்கால் கிக்கும் வசதியாக விழும். இடுப்புவரை குனிந்து குத்தைத் தவிர்க்கும் பழக்கம் இருந்தால், குனிகிற இடத்துக்கு முழங்கால் வந்து சேரும். கோச்சிடம் எம்.எம்.ஏ.தான் என் இலக்கு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்ல கோச் என்றால் குனிவதைக் குறைத்துப் பின்வாங்கலையும் பக்கவாட்டு நகர்வையும் கூட்டிக் கொடுப்பார்.

கிக்பாக்சிங்: இந்தப் பெயருக்குள் பல விளையாட்டுகள் இருக்கின்றன. பாயிண்ட் ஃபைட்டிங் என்பது தொட்டுவிட்டு நிறுத்துவது. ஃபுல் கான்டாக்ட்டில் இடுப்புக்குக் கீழே கிக் கிடையாது. தொடையிலும் கிக் விட அனுமதிக்கும் லோ கிக், கே-1 என்ற பிரிவுகள்தான் உங்களுக்கு வேண்டியவை. "எந்தப் பிரிவு சொல்லித்தருகிறீர்கள்?" என்று கேட்காமல் சேராதீர்கள். சரியான பிரிவு கிடைத்தால் முவாய் தாய்க்கு மிக அருகில் இருக்கும். 2022-இல் மிடில்வெயிட், 2023-இல் லைட் ஹெவிவெயிட் என இரண்டு எடைப் பிரிவுகளில் யு.எஃப்.சி. பட்டம் வென்ற அலெக்ஸ் பெரேரா கிக்பாக்சிங்கிலிருந்து வந்தவர்தான்.

வுஷு சாண்டா: நம் ஊரில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு, எனக்கு அது வருத்தம். குத்து, கிக், அதோடு பிடித்துத் தள்ளும் த்ரோ எல்லாம் ஒரே கலைக்குள் இருக்கிறது. காலைப் பிடித்துக் கவிழ்ப்பது இதில் அடிப்படைப் பயிற்சி. 2024 ஜூனில் யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண்ணான பூஜா தோமர் வுஷுவில் தேசிய சாம்பியனாக இருந்தவர். ஒரே எச்சரிக்கை: வுஷுவில் தாவ்லு என்ற பிரிவும் உண்டு. அது வடிவங்களைச் செய்துகாட்டுவது, அதில் சண்டை கிடையாது. சாண்டாவா தாவ்லுவா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கராத்தே: மதுரையில் தெருவுக்குத் தெரு கிடைப்பது இதுதான். தூரத்தைக் கணித்து உள்ளே பாய்ந்து அடித்துவிட்டு வெளியேறும் திறமை கராத்தேயில் அழகாக வரும். 2009-இல் யு.எஃப்.சி. பட்டம் வென்ற லியோட்டோ மச்சிடா அதை வைத்துத்தான் எல்லோரையும் திணறடித்தார். ஆனால் தொட்டதும் நடுவர் நிறுத்தும் பாணியில் மட்டும் பழகினால் இரண்டாவது அடி, மூன்றாவது அடி என்ற தொடர்ச்சி வராது. கியோகுஷின் பாணியில் முழு வேகத்தில் அடிப்பார்கள், உடம்பு உறுதியாகும். அதன் போட்டியில் கையால் முகத்தில் குத்தக்கூடாது என்பதால் முகத்தைக் காக்கும் பழக்கம் குறைந்துவிடும். கராத்தே தெரிந்தவர்கள் அதை விடவேண்டாம், ஒரு வருட பாக்சிங்கை மேலே சேர்த்தால் நல்ல கலவை.

டேக்வாண்டோ: கால் வேகத்துக்கு நல்லது. தலையில் குத்தும் இடுப்புக்குக் கீழே கிக்கும் அதன் விதியில் இல்லை. எம்.எம்.ஏ.வுக்கு முதல் கலையாக நான் சொல்லமாட்டேன்.

சிலம்பம், குத்துவரிசை: சிலம்பம் சுற்றியவர்களின் கால் நகர்வும் தோள் வலுவும் பார்த்ததுமே தெரியும். அந்த அடித்தளத்தோடு வந்தால் பாக்சிங் சீக்கிரம் பிடிபடும். அதை மட்டும் வைத்துக் கூண்டுக்குள் இறங்க முடியாது.

3. உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

மதுரைப் பக்கம் வரும் பையன்களில் நிறையப் பேர் கபடி ஆடியவர்கள். தொடைப்பிடியும் கணுக்கால் பிடியும் தெரிந்தவருக்கு டேக்டவுன் (எதிராளியைக் கீழே போடுவது) பாதி தெரிந்த மாதிரி. நீங்கள் அப்படிப்பட்டவர் என்றால் பாக்சிங் எடுங்கள். உங்கள் பிடிக்குப் பயந்து எதிராளி கையை இறக்குவார், அந்த நேரத்தில் கை பேசவேண்டும். எந்தப் பின்னணியும் இல்லாதவர் முவாய் தாய் அல்லது சாண்டா எடுக்கலாம். வயது முப்பதைத் தாண்டியவர், ஐ.டி. வேலையில் உட்கார்ந்தே இருப்பவர் என்றால் முதல் மூன்று மாதம் பாக்சிங் அடிப்படையும் இடுப்பு, தொடை இளக்கும் பயிற்சியும் போதும். உயரமான கிக்குக்கு அவசரப்பட்டுத் தொடைச் சதையைக் கிழித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

4. போய்ப் பாருங்கள், பணம் கொடுக்காமல்

குறைந்தது மூன்று இடங்களுக்குப் போய் ஒரு முழு கிளாஸ் உட்கார்ந்து பாருங்கள். ஃபோனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். "சார், ஒரு கிளாஸ் பார்த்துவிட்டுச் சேருகிறேன்" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் உட்காரச் சொல்வார்கள். பார்க்கவே விடாத இடம் என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

அங்கே கேட்க வேண்டியது: "மாஸ்டர், ஸ்பாரிங் என்னைக்கு? புதுசா வர்றவங்களை எப்போ இறக்குவீங்க?" முதல் வாரமே இறக்குவேன் என்றால் ஆபத்து. ஸ்பாரிங்கே கிடையாது, கோச் பிடிக்கும் பேடை அடித்தால் போதும் என்றால் வீண். இரண்டு மூன்று மாதம் கழித்து லேசாகத் தொடங்குவோம் என்பதே நல்ல பதில். அடுத்து, கோச் எதில் போட்டியிட்டார், அவரிடம் படித்தவர்கள் எங்கே போட்டியிட்டார்கள் என்று கேளுங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழ்களை நெருங்கிப் பாருங்கள். இரண்டு நாள் செமினாரில் கலந்துகொண்டதற்கான சான்றிதழும் போட்டிப் பதக்கமும் ஒன்றல்ல.

கண்ணால் பார்க்க வேண்டியது: சீனியர்கள் புதியவர்களை எப்படி நடத்துகிறார்கள்? யாராவது தலையில் பலமாக அடிபட்டால் கோச் நிறுத்துகிறாரா? பாய் துடைக்கப்படுகிறதா? முதலுதவிப் பெட்டியும் ஐஸும் இருக்கின்றனவா? பெண்கள் சேருவதாக இருந்தால், ஏற்கெனவே பெண்கள் பயிற்சி செய்கிறார்களா, உடை மாற்ற இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தூரம் மிக முக்கியம். வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ அரை மணி நேரத்துக்குள் இருக்கட்டும். மேலூரிலிருந்து வருபவர்கள் மாட்டுத்தாவணிப் பக்கமும், உசிலம்பட்டியிலிருந்து வருபவர்கள் ஆரப்பாளையம் பக்கமும் தேடுங்கள், நகரைக் குறுக்கே கடந்து போகும் நேரம் மிச்சம். கிளாஸ் முடியும்போது திரும்ப பஸ் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் போக்குவரத்து மாறும், அந்த வாரம் வீட்டிலேயே ஷேடோ பாக்சிங் (எதிரில் ஆள் இல்லாமல் குத்திப் பழகுவது) போடுவது நல்லது. பாக்சிங் மட்டும் தேடுபவர்கள் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் போய் விசாரியுங்கள். மாவட்டத்தில் யார் முறையாகப் பயிற்சி தருகிறார்கள் என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

5. ஆவணங்கள்

இதைச் சேருவதற்கு முன்பே எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ நாலைந்து, ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க இரண்டு எண்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பிறப்புச் சான்றிதழ் நகலும் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும். போட்டியில் வயதுப் பிரிவுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் பேசும், ஆதாரில் பிறந்த தேதி மாறியிருந்தால் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் போட்டிக்கு முந்தைய வாரம் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கவேண்டி வரும்.

மருத்துவத் தகுதிச் சான்றிதழை எம்.பி.பி.எஸ். மருத்துவரிடம், பதிவு எண்ணோடு சீல் வைத்து வாங்குங்கள். வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு, பழைய தலைக் காயம் எதையும் மறைக்காதீர்கள். கண்ணாடி போடுபவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்: மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு விழித்திரை பலவீனமாக இருக்கக்கூடும், முகத்தில் விழும் குத்து அதைக் கிழிக்கலாம். அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடத்தில் விழித்திரையைப் பரிசோதித்துவிட்டு, பாக்சிங் செய்யப் போகிறேன் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். லேசர் சிகிச்சை செய்தவர்களும் அப்படியே.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர்கள் உடனே தொடங்குங்கள். மூன்று ஊசி, முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. ஸ்பாரிங்கில் மூக்கில் ரத்தம் வருவது சாதாரணம் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சேர்க்கைப் படிவத்தில் காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று ஒரு வரி இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். உங்கள் மருத்துவக் காப்பீட்டில், ஆபத்தான விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபட்டு வரும் காயத்துக்குப் பணம் கிடையாது என்ற விலக்கு இருக்கும். அமெச்சூராக இருக்கும்வரை உங்களுக்கு எப்படி என்று காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். ஃபோனில் ஏஜென்ட் சொல்வது போதாது.

6. செலவு

நான் விசாரித்த அளவில், கராத்தே, டேக்வாண்டோ கிளாஸ்கள் மாதம் 500 முதல் 1,000 ரூபாய். பாக்சிங் 800 முதல் 1,500. எம்.எம்.ஏ. அல்லது முவாய் தாய் என்று தனியாக நடத்தும் இடங்கள் 1,500 முதல் 3,000. சேர்க்கைக் கட்டணம் தனி. ஏரியாவைப் பொறுத்து மாறும்.

கட்டணத்தில் இரண்டு பொறிகள். ஒன்று, வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் மூன்று மாதம் மாதாமாதம்தான் கட்டுங்கள். நடுவில் நின்றால் பணம் திரும்பாது. இரண்டாவது, பெல்ட் டெஸ்ட். மாதக் கட்டணம் குறைவாக இருக்கும், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்ட், டெஸ்டுக்கு ஒரு தொகை, சான்றிதழுக்கு ஒரு தொகை என்று போய்க்கொண்டே இருக்கும். முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். பணம் எப்போதும் ரசீதோடு.

பொருள்கள்: முதல் நாளே எல்லாம் வாங்க வேண்டியதில்லை. முதல் மாதம் ஹேண்ட் ரேப் (கையில் சுற்றும் துணிப்பட்டை, 4.5 மீட்டர் நீளம், ஜோடி 200 முதல் 400 ரூபாய்) மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். இரண்டாவது மாதம் கிளவுஸ். உங்கள் எடை 70 கிலோவுக்குள் என்றால் 14 அவுன்ஸ், மேலே என்றால் 16. ஒரே ஜோடியில் பேகும் ஸ்பாரிங்கும் முடிந்துவிடும். 1,500 முதல் 3,000 ரூபாய்க்கு நல்லது கிடைக்கும். ஆன்லைனில் வாங்காமல் டவுனில் விளையாட்டுப் பொருள் கடையில் ரேப் சுற்றிய கையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஸ்பாரிங் தொடங்கும் முன் மவுத்கார்டு (பல்லுக்கு), க்ராயின் கார்டு (அடிவயிற்றுக்குக் கீழே), ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே) கட்டாயம். மவுத்கார்டை வெந்நீரில் போட்டுப் பல்லுக்குப் பதிய வைக்கும் வகை வாங்குங்கள். 4 அவுன்ஸ் எம்.எம்.ஏ. கிளவுஸை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அதைப் போட்டுக்கொண்டு ஸ்பாரிங் செய்தால் உங்கள் கைவிரல் எலும்புக்கும் நண்பர் முகத்துக்கும் கேடு.

7. முதல் ஒரு வருடம் எப்படிப் போகவேண்டும்

முதல் மூன்று மாதம்: வாரம் மூன்று கிளாஸ். நிற்பு, நகர்வு, ஜாப் (முன்கைக் குத்து), கிராஸ் (பின்கைக் குத்து), லோ கிக், செக். வேறு எதுவும் வேண்டாம். நாலாவது மாதத்தில் லேசான ஸ்பாரிங், முதலில் உடம்புக்கு மட்டும். ஆறாவது மாதம் டேக்டவுன் தடுப்பு, அதாவது ஸ்ப்ரால். இதைத் தள்ளிப்போடவே கூடாது, ஏனென்றால் நின்று அடிக்கும் பழக்கம் ஊறிவிட்டால் மாற்றுவது கடினம். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் ஸ்ட்ரைக்கிங், இரண்டு நாள் மல்யுத்தம் அல்லது ஜூ-ஜிட்சு (தரையில் பிடித்து மடக்கும் கலை).

ஏப்ரல், மே மாதங்களில் மதுரை வெயிலுக்குக் காலை ஆறு மணி கிளாஸ் எடுங்கள். தகரக் கூரை போட்ட ஹாலில் மாலை ஐந்து மணிக்கும் அனல் இருக்கும். தண்ணீரோடு உப்புச் சத்தும் வேண்டும், நீர்மோர் போதும். வியர்வையும் பாயும் சேர்ந்தால் படர்தாமரை வரும். வந்தால் ஆறும்வரை கிளாஸுக்குப் போகாதீர்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதை அமுக்கிப் பரப்பிவிடும், தோல் டாக்டரைப் பாருங்கள்.

8. தலையில் அடிபட்டால்

இதை எழுதத்தான் நான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்வேன். அடிபட்ட பிறகு தலைவலி, வாந்தி, மயக்கம், மங்கலான பார்வை, என்ன நடந்தது என்று நினைவில்லாமை, இதில் எது இருந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, தூக்கக் கலக்கம் அதிகமானாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள், அரசு ராஜாஜி மருத்துவமனையில் எந்நேரமும் பார்ப்பார்கள். டாக்டர் சொல்லும்வரை ஸ்பாரிங் இல்லை. "ஒண்ணும் ஆகாது, எழுந்திரு தம்பி" என்று கோச் சொன்னால் அந்த கோச்சை மாற்றுங்கள்.

9. போட்டி

ஒரு வருடத்துக்கு முன் எம்.எம்.ஏ. போட்டி வேண்டாம். அதற்குள் ஒரு பாக்சிங் அல்லது கிக்பாக்சிங் மாவட்டப் போட்டியில் இறங்கினால் மேடைப் பதற்றம் குறையும். போட்டி அறிவிப்பு வந்ததும் நடத்துபவர்களிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த விதி, எத்தனை ரவுண்டு, ரிங் அருகே டாக்டரும் ஆம்புலன்ஸும் உண்டா, எடை பார்ப்பது எப்போது. ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனை அறிக்கை கேட்டால் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளுங்கள். போட்டித் தேதிக்கு எவ்வளவு அருகில் எடுத்த அறிக்கை செல்லும் என்றும் கேளுங்கள், ரொம்ப முன்னால் எடுத்தால் மறுபடி பணம் செலவாகும். எடை குறைக்கத் தண்ணீரை நிறுத்தும் வேலையே வேண்டாம். முதல் போட்டியை, சாப்பாட்டை மாற்றாமல் காலையில் எழுந்ததும் இருக்கும் எடையில் ஆடுங்கள்.